தமியா 1/32 தண்டர்போல்ட்: காசு சேர்க்கலாமா?

13 ஜனவரி 2024, தட்டோன் தம்பி கேட்டது

அண்ணே, ஜப்பானின் தமியா கம்பெனி அடுத்ததாக 1/32 அளவில் (அசலில் 32-இல் ஒரு பங்கு) பி-47 தண்டர்போல்ட் போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் கிட் விடப்போகிறது என்று பேச்சு அடிபடுகிறது. பாங்காக்கில் கடை வைத்திருக்கும் ஒருவர் என் நண்பனிடம் சொல்லியிருக்கிறார். மே மாதம் ஜப்பானில் நடக்கும் ஷிசுவோக்கா மாடல் கண்காட்சியில் பெட்டியையே காட்டிவிடுவார்களாம். இப்போதிருந்தே காசு சேர்க்கலாமா?

14 ஜனவரி 2024

சேருங்கள் தம்பி. பர்மா பணமான கியாட்டாக வைத்துக்கொள்ளாதவரை காசு சேர்ப்பதில் நஷ்டமில்லை.

வருமா என்று கேட்டால், வராது. தமியாவின் 1/32 வரிசையைப் பாருங்கள். 2009-இல் ஸ்பிட்ஃபயர் மார்க் 9, மறு வருடம் மார்க் 8, 2011-இல் மார்க் 16, அதே வருடம் மஸ்டாங், 2013-இல் கோர்சேர், 2015-இல் மொஸ்கிட்டோ. ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒரு புது அச்சு. அப்புறம்? கோர்சேரின் இன்னொரு வகையைப் பெட்டி மாற்றி விட்டார்கள், அவ்வளவுதான். எட்டு வருடத்துக்கு மேலாகப் புது விமானம் கிடையாது. அதே காலத்தில் 1/48-இல் மெஸ்ஸர்ஷ்மிட், லைட்னிங், பாண்டம், எஃப்-35 என்று வரிசையாக வந்துகொண்டிருக்கிறது. கடைக்காரர் எந்த அலமாரியில் சரக்கு அடுக்குகிறார் என்று பார்த்தாலே அவர் கணக்கு புரிந்துவிடும்.

தவிர, 1/32 தண்டர்போல்ட் ஹசெகாவா கம்பெனியிடம் இருக்கிறது, டிரம்பெட்டரிடமும் இருக்கிறது. தமியா வந்தால் எல்லாரும் தமியாவைத்தான் வாங்குவார்கள் என்பது வேறு விஷயம்.

15 ஜனவரி 2024

பொங்கலும் அதுவுமாக இதை எழுதக்கூடாது. ஆனால் பானை பொங்கும்வரை எனக்கு அடுப்படியில் வேலை இல்லை, வெளியே போ என்று சொல்லிவிட்டார்கள்.

நேற்று எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். தம்பி பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஜோசியர் கைரேகை பார்க்கிற மாதிரி நாம் ஸ்ப்ரூ, அதாவது பாகங்கள் ஒட்டி வருகிற பிளாஸ்டிக் சட்டம், பார்க்கிறோம் இல்லையா? இறக்கை நுனி, வால், என்ஜின் மூடி எல்லாம் தனித்தனிச் சின்னச் சட்டத்தில் வந்தால், அடுத்த வகை தயாராகிறது என்று அர்த்தம். பெட்டியில் உங்களுக்கு வேண்டாத பாகங்கள் பத்துப் பதினைந்து மிஞ்சினாலும் அதே அர்த்தம். ஒரே உடம்பிலிருந்து மார்க் 9, 8, 16 என்று மூன்று பெட்டி எடுத்தார்களே, அந்தக் கணக்குத்தான். எஃகு அச்சு வெட்டுவதற்கு ஆகிற செலவை ஒரு பெட்டியில் எடுக்க முடியாது.

அந்தக் கணக்கில் தண்டர்போல்ட் பொன் முட்டை. முதுகு உயர்ந்த பழைய வகை ஒரு பெட்டி, விமானி தலைக்கு மேல் கண்ணாடிக் குமிழ்க் கூரை வைத்த பின் வகை இன்னொரு பெட்டி. என்ஜின், இறக்கை, சக்கரம் பெரும்பாலும் பொது. நான் தமியாவின் கணக்குப்பிள்ளையாக இருந்தால் மொஸ்கிட்டோவுக்கு முன்னாலேயே இதைத்தான் வெட்டச் சொல்லியிருப்பேன்.

அதனால் வரும் என்று சொல்லவில்லை. வராததற்கு நான் சொன்ன காரணம் கொஞ்சம் பலவீனம் என்று மட்டும் சொல்கிறேன்.

பால் பொங்கிவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

28 ஜனவரி 2024

தம்பிக்குக் கோபம். நெருப்பில்லாமல் புகையுமா என்கிறார். தம்பி, நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்த சமயம் இந்த ஊரில் நெருப்பே இல்லாமல் பல வருடம் புகைந்தது.

1945-இல், போர் முடிகிற நேரத்தில், மரப்பெட்டியில் வந்து பிரிக்காமலே கிடந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 14-களை ரங்கூன் விமான நிலையம் இருக்கும் மிங்கலாடோனில் குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள் என்பது கதை. லிங்கன்ஷயர் விவசாயி டேவிட் கண்டல் பதினைந்து வருடத்துக்கு மேல் இதன் பின்னால் அலைந்தார். 2012 ஏப்ரலில் அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் கேமரன் இங்கே வந்தபோது இரண்டு அரசாங்கங்களும் பேசுகிற விஷயமாகவே ஆகிவிட்டது. இருபது என்றார்கள், முப்பத்தாறு என்றார்கள், கடைசியில் நூற்றைத் தாண்டியது. மண்ணுக்குள் இருந்தபடியே குட்டி போட்ட ஒரே விமானம் இதுதான்.

2013 ஜனவரியில், வார்கேமிங் என்ற கணினி விளையாட்டுக் கம்பெனியின் பணத்தில் தோண்டினார்கள். வடக்கே மித்சீனாவில் மண்ணுக்கடியில் பெட்டி மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. கேமராவை உள்ளே விட்டால் கலங்கல் தண்ணீர். மிங்கலாடோனில் அதுவும் இல்லை.

அந்த வாரம் நான் இரண்டு நாள் அச்சகத்தை மதியத்தோடு அடைத்துவிட்டு விமான நிலையச் சாலையில் ஒரு டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். அங்கே ஒருவர், பெட்டியைத் தொட்டுப் பார்த்த ஆளைத் தெரியும் என்றார். இன்னொருவர், அந்த ஆளைத் தெரிந்த ஆளைத் தெரியும் என்றார். பாங்காக் கடைக்காரர், உங்கள் நண்பன், நீங்கள், இப்போது நான். விரல் விட்டு எண்ணுங்கள்.

29 ஜனவரி 2024

நேற்று ரொம்பக் கெட்டிக்காரன் மாதிரி எழுதிவிட்டேன். அந்த டீக்கடையில் நானும் நம்பிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஸ்பிட்ஃபயரையாவது இங்கேயே விட்டுவிட்டுப் போவார்களா, அதை எங்கே வைப்பார்கள் என்றெல்லாம் மனதுக்குள் இடம் பார்த்தாகிவிட்டது.

இதில் வேடிக்கை, ஸ்பிட்ஃபயர் பார்க்க இந்த நாட்டில் மண்வெட்டியே வேண்டாம். 1950-களின் நடுவில் பர்மா விமானப்படை இஸ்ரேலிடமிருந்து 30 ஸ்பிட்ஃபயர் மார்க் 9 வாங்கியது. இஸ்ரேலுக்கு அவற்றில் பலவும் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து போனவை. அந்த விமானங்களில் யூபி என்று தொடங்கும் எண்கள். தமியா மார்க் 9 கிட் வைத்திருப்பவர்கள் யாராவது பர்மா விமானப்படைச் சின்னம் போட்டு முடித்திருக்கிறீர்களா? என் கண்ணில் ஒன்றுகூடப் படவில்லை. எல்லாரும் 1944 நார்மண்டிப் படையெடுப்புக்கு அடித்த கறுப்பு வெள்ளைக் கோடு போடுகிறோம்.

4 பிப்ரவரி 2024

ஜெர்மனியில் நூரம்பெர்க் பொம்மைச் சந்தை முடிந்தது. தண்டர்போல்ட் இல்லை. மே மாதம் என்றுதானே சொன்னேன் என்று தம்பி சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: மே மாதம் என்றுதான் சொன்னார்.

11 பிப்ரவரி 2024

சென்னை நண்பர் கேட்டிருந்தார்: தண்டர்போல்ட் அமெரிக்க விமானமாயிற்றே, அதில் உங்களுக்கென்ன இவ்வளவு ஒட்டுதல்?

பிரிட்டிஷ் விமானப்படையும் அதை வாங்கியது ஐயா, எண்ணூறுக்கு மேல். ஐரோப்பாவில் அவர்கள் அதைக் கொண்டு சண்டை போடவே இல்லை. எல்லாம் பர்மாவுக்காகத்தான். 1944 செப்டம்பர் வாக்கில் இங்கே களத்துக்கு வந்தது. பர்மாவைத் தவிர வேறெங்கும் அது பிரிட்டிஷ் விமானப்படையின் வட்டச் சின்னத்தோடு பறக்கவில்லை.

அந்த வட்டத்திலும் ஒரு விசேஷம். பிரிட்டிஷ் வட்டத்தின் நடுவில் சிவப்புப் பொட்டு இருக்கும். இங்கே எதிரி ஜப்பான், இறக்கை நிறைய சிவப்புச் சூரியன். மேகத்துக்கு நடுவே அரை வினாடி பார்க்கிறவன் சிவப்பைக் கண்டாலே சுட்டுவிடுவான். அதனால் சிவப்பை எடுத்துவிட்டு, கருநீல வளையத்துக்குள் வெளிர்நீலப் பொட்டு என்று மாற்றினார்கள். அது போதாமல் இறக்கையிலும் வாலிலும் வெள்ளைப் பட்டை. பெயிண்ட் அடிக்காத வெள்ளி விமானமாக இருந்தால் கருநீலப் பட்டை.

ஒரு கிட்டில் வண்ணம் தீட்டி மகிழ இதைவிட என்ன வேண்டும்? ஆனால் பெட்டி மேல் படம் எப்போதும் அமெரிக்காக்காரன், மூக்கில் சதுரங்கக் கட்டம்.

12 பிப்ரவரி 2024

திருத்தம். "வேறெங்கும் பறக்கவில்லை" என்று எழுதியது தப்பு. எகிப்தில் ஃபாயித் என்ற இடத்தில் தண்டர்போல்ட் ஓட்டப் பழக்கும் பயிற்சிப் பிரிவு ஒன்று இருந்தது. போர் முடிகிறவரை சண்டை போட்டது இங்கே, பழகியது அங்கேயும். சுட்டிக்காட்டிய மாந்தலே அண்ணனுக்கு நன்றி. அவர் எப்போதும் என் தப்பை மட்டும்தான் படிப்பார், மற்றதைப் படிக்க மாட்டார்.

2 மார்ச் 2024

மோல்மேன் அண்ணன் தண்டர்போல்ட் பேச்சே வேண்டாம், நாலு என்ஜின் குண்டு விமானமான லிபரேட்டர்தான் என்கிறார். 1/32-இல் லிபரேட்டர் கனவில்லை, இப்போதே கடையில் இருக்கிறது. எச்.கே.வும் ஹாபிபாஸும் விட்டிருக்கிறார்கள்.

அவர் ஏன் கேட்கிறார் என்று தெரிந்தபின் கேலி செய்ய வாய் வரவில்லை. அவருடைய தாத்தாவின் தம்பி மலாயாவிலிருந்து போரில் ஜப்பான்காரர்கள் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர். பாதை தன்பியூசயாத்தில் வந்து முடிந்தது, மோல்மேனுக்குத் தெற்கே. அந்தப் பாதையின் பாலங்களை உடைக்க வந்தவை லிபரேட்டர்கள். பாலத்துக்குப் பக்கத்தில் கூலி முகாம், கைதி முகாம். குண்டுக்கு ஆள் தெரியுமா? அந்தத் தாத்தா பிழைத்தார். விமானச் சத்தம் கேட்டால் கடைசிவரை படுத்துவிடுவாராம், விதைக்கும் வயலில்கூட.

அந்த விமானத்தை ஏன் அண்ணே வீட்டில் வைக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் பார்த்ததை நானும் ஒரு தடவை கீழேயிருந்து பார்க்க வேண்டும், கூரையில் கட்டித் தொங்கவிடுவேன் என்றார்.

3 மார்ச் 2024

கணக்குப் போட்டுப் பார்த்தேன். லிபரேட்டர் இறக்கை 110 அடி, அதாவது 33.5 மீட்டர். 32-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரும் ஐந்து சென்டிமீட்டரும். மோல்மேன் அண்ணனுக்குக் கூரைதான் சரி. எங்கள் வீட்டில் கூடம் எட்டடி அகலம், அதில் சாமி அலமாரி, ஃபிரிட்ஜ், தண்ணீர் ஜாடி, மாமியார். தண்டர்போல்ட் 1/32-இல் 39 சென்டிமீட்டர்கூட வராது. ஸ்பிட்ஃபயர் 35. என் வீட்டம்மா அங்குல டேப்போடு வந்து ஃபிரிட்ஜ் தலையை அளந்துவிட்டு, நாற்பதுக்கு மேல் போனால் நீங்களும் கூரையில் தொங்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

1/24 ஆசைக்காரர்கள் தயவுசெய்து தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். ஏர்ஃபிக்ஸ் மொஸ்கிட்டோ 1/24-இல் 69 சென்டிமீட்டர்.

23 மார்ச் 2024

நேரடியாகவே கேட்டுவிட்டார் தம்பி: வராது வராது என்கிற ஆள் ஏன் தினம் இதைப் பற்றியே எழுதுகிறீர்கள்?

சரி.

என் அப்பாயி 1941-இல் பதினோரு வயதுப் பெண். ரங்கூனில் பசுந்தாங் பக்கம் அரிசி ஆலை லைன் வீடு. டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மேல் முதல் முறையாகக் குண்டு போட்டன. சனம் ஓடி ஒளியாமல் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தது. செத்தவர்களில் பாதிப் பேர் வேடிக்கை பார்த்தவர்கள் என்று அப்பாயி சொல்வார். வெள்ளிக் கொக்கு மாதிரி வரிசையாக வந்தது என்பார், நாலு என்ஜின் என்பார். நாலு இல்லை அப்பாயி, இரண்டுதான் என்று சின்ன வயதில் நான் திருத்துவேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அப்புறம் எல்லாரையும் போல மூட்டை கட்டிக்கொண்டு இந்தியாவை நோக்கி நடந்தார்கள். புரோம் வரை போனார்கள். அங்கே காலரா. அப்பாயியின் தங்கையை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்கள். அதனால்தான் நாங்கள் இன்னும் ரங்கூன்காரர்கள், இல்லாவிட்டால் புதுக்கோட்டைப் பக்கம் எங்கேயோ இருந்திருப்போம்.

1945-இல் அவர் பார்த்தது வேறு. "மூக்குத் தடிச்ச ஒத்தை விமானம், பானையை வெட்டி ஒட்டின மாதிரி மூக்கு, தலைக்கு மேலே கூரை ஓட்டைத் தொடுற மாதிரி போச்சு. உள்ளே இருந்தவன் தலை தெரிஞ்சுது. எங்களைப் பார்த்தான்." இதைப் பத்து வயதிலிருந்து நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். பானை மூக்கு, ஒற்றை என்ஜின், குமிழ்க் கூரைக்குள் தலை தெரிகிறது. வேறென்னவாக இருக்கும்?

அதுதான் தம்பி விஷயம். வரும் என்று நினைத்தால் தினமும் எதிர்பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

24 மார்ச் 2024

மாந்தலே அண்ணன் விடுவாரா. பானை மூக்கு என்றால் தண்டர்போல்ட்தானா, ஜப்பான்காரனின் ஹயபுசாவுக்கும் வட்ட என்ஜின்தானே, ரங்கூனில் மூன்று வருடத்துக்கு மேல் பறந்தது அதுதானே என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. ஹயபுசாவை அந்தக் காலத்தில் விமானிகளே சரியாக அடையாளம் காணவில்லை. பறக்கும் புலிகள் என்ற அமெரிக்கக் கூலிப்படைக்காரர்கள் இங்கே ஜப்பான் கடற்படையின் "ஜீரோ"வைச் சுட்டோம் சுட்டோம் என்று எழுதி வைத்தார்கள். ரங்கூன் வானத்தில் அவர்கள் மோதியது ஜப்பான் தரைப்படையின் கி-27, கி-43. இந்தக் கி-43-தான் ஹயபுசா. பதினைந்து வயதுப் பெண் ஓட்டுக்கூரைக்குக் கீழே நின்று பார்த்ததை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது?

ஆனால் அப்பாயி இன்னொன்றும் சொல்வார்: "வால்ல கோடு போட்டிருந்துச்சு." அந்தக் கோட்டை நான் விட மாட்டேன். ஹயபுசா வாலிலும் சாய்ந்த அம்புக்குறி மாதிரி போட்டிருப்பார்கள் என்று சொல்ல வருகிறீர்கள் அண்ணே. தெரியும். சொல்லாதீர்கள்.

19 ஏப்ரல் 2024

திஞ்சான், பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா, முடிந்து வீடெல்லாம் ஈரம். அலமாரியைத் துடைக்கும்போது பழைய மொஸ்கிட்டோவின் இறக்கைத் தையல் விட்டிருப்பதைப் பார்த்தேன். சிரிப்புத்தான் வந்தது, ஏனென்றால் அசலுக்கும் இங்கே இதே கதிதான். மொஸ்கிட்டோ மரத்தில் செய்து பசையால் ஒட்டிய விமானம். 1944 கடைசியில் இந்தியா, பர்மாப் பக்கம் இறக்கை பிய்ந்து சில விழுந்ததால் பறக்காமல் நிறுத்தி வைத்தார்கள். நம் ஊர் வெயிலும் மழையும் பசையைத் தின்றுவிட்டன.

20 ஏப்ரல் 2024

மறுபடியும் திருத்தம். வெயில், மழை மேல் மட்டும் பழி போட்டது தப்பு. ஆராய்ந்து பார்த்தபோது, தொழிற்சாலையிலேயே பலகைகள் சரியாகப் பொருந்தாமல் இடைவெளியோடு ஒட்டியிருந்தது தெரியவந்தது. மர உத்தரத்துக்கும் மேல் பலகைக்கும் நடுவே சந்து.

இடைவெளி விட்டு ஒட்டுவது. என் மேசையில் இருக்கும் எல்லா விமானத்துக்கும் அதே நோய். அவர்களுக்குச் சந்து அடைக்கிற புட்டி இல்லை, பாவம்.

12 மே 2024

ஷிசுவோக்கா இன்று முடிந்தது. 1/32-இல் தமியாவின் புது விமானம் எதுவும் இல்லை.

13 மே 2024

தட்டோன் தம்பி நேற்றிலிருந்து பேசவில்லை. பாங்காக் கடைக்காரருக்கும் நண்பனுக்கும் என்ன நடந்ததோ.

தம்பி, வதந்தியெல்லாம் பொய் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நியூஸிலாந்தின் விங்நட் விங்ஸ், சினிமா இயக்குநர் பீட்டர் ஜாக்சனுடைய கம்பெனி, முதல் உலகப்போர் விமானம் மட்டுமே செய்துகொண்டிருந்தவர்கள், திடீரென்று இரண்டாம் உலகப்போர்க் குண்டு விமானமான லங்காஸ்டரை 1/32-இல் விடப்போகிறோம் என்றார்கள். நான் நம்பவில்லை. மாதிரியைக் காட்டினார்கள், நம்பினேன். 2020-இல் கம்பெனியையே மூடிவிட்டார்கள். சரி, இனி அது மிங்கலாடோன் பெட்டிதான் என்று நினைத்தேன். பிறகு பார்டர் என்ற வேறொரு கம்பெனியின் பெயரில் அந்த லங்காஸ்டர் கடைக்கு வந்தேவிட்டது. விங்நட்டில் வேலை பார்த்த சிலர் சேர்ந்து கோட்டாரே என்று தொடங்கி, போன வருடம் முதல் கிட்டாக 1/32 ஸ்பிட்ஃபயர் மார்க் 1 விட்டார்கள். இரண்டிலும் நான் சொன்னது தப்பாகத்தான் போயிற்று. நான் வராது என்று சொல்வதை வைத்தும் காசு கட்டாதீர்கள்.

16 ஜூன் 2024

மழை பிடித்துவிட்டது. மூன்று நாளாகத் தெருவில் முட்டியளவு தண்ணீர், அச்சகத்துக்குப் போகவில்லை. இப்படி ஒரு நாளில்தான் சொல்ல முடியும்.

என்னிடம் 1/32 தண்டர்போல்ட் இருக்கிறது. ஹசெகாவா, குமிழ்க் கூரை வகை. 2010-இல் பாங்காக்கில் வாங்கியது. ஆமாம், பாங்காக்தான், சிரிக்காதீர்கள். பதினாலு வருடமாகப் பிரிக்காமல் துணி பீரோவுக்கு மேலே பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வருடமும், தமியா விடப்போகிறதே, இதைக் கெடுப்பானேன், நல்லதாக ஒன்று வரட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

17 ஜூன் 2024

போதும், போதும். தம்பி அனுப்பிய மூன்று செய்தியையும் படித்தேன். "மண்வெட்டி எடுத்துக்கொண்டு வரவா" என்ற வரியை மட்டும் ரசித்தேன். மோல்மேன் அண்ணன், பீரோ மேலே புதைத்த தண்டர்போல்ட் என்று எழுதியதை வீட்டம்மாவே படித்துவிட்டு இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

மாந்தலே அண்ணன் மட்டும் வேலையான கேள்வி கேட்டார்: எந்த விமானத்தைச் செய்யப்போகிறாய், முதுகுத் துடுப்பு இருந்ததா, இல்லாததா? பின்னால் வந்தவற்றில்தான் வாலுக்கு முன்னே அந்தச் சின்னத் துடுப்பு. படம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அப்பாயி துடுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

7 ஜூலை 2024

பிரித்தேன். பிளாஸ்டிக் நன்றாகவே இருக்கிறது. சின்னங்கள் அச்சடித்த டீகால் தாள் மஞ்சளாகிவிட்டது, தண்ணீரில் ஒரு ஓரத்தைப் போட்டுப் பார்த்தால் மூன்றாக உடைந்தது. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயில் காட்டினால் மஞ்சள் போகும் என்பார்கள். ஜூலையில் ரங்கூனில் வெயில்! ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க.

ஒருவகையில் நல்லது. அந்தத் தாளில் எனக்கு வேண்டிய நீல வட்டம் இல்லை. அச்சகத்தில் லேசர் பிரிண்டர் இருக்கிறது, ஆனால் அது வெள்ளை அடிக்காது, வெளிர்நீலம் பச்சை மேல் விழுந்தால் காணாமல் போய்விடும். கடை போர்டுக்கு எழுத்து வெட்டுகிற ஸ்டிக்கர் மெஷினை இதற்குத் திருப்பினேன். 16 அங்குல வட்டம் என்றால் 1/32-இல் 12.7 மில்லிமீட்டர். அந்த மெஷின் இரண்டடி எழுத்துக்குப் பழகினது, 12.7-க்கு முதல் ஆறும் முட்டையாக வந்தன. கத்தியைப் புதிதாக மாற்றி, வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். ஏழாவது வட்டம்.

எப்படி என்று கேட்பவர்களுக்கு: முதலில் வெளிர்நீலம் அடியுங்கள், காய்ந்ததும் நடுப்பொட்டை ஸ்டிக்கரால் மூடுங்கள், வெளி வளையத்துக்கு மட்டும் திறந்து கருநீலம், கடைசியில் முழு வட்டத்தையும் மூடிவிட்டுச் சுற்றிலும் பச்சை. தலைகீழாகச் செய்யாதீர்கள். நான் ஒரு இறக்கையில் செய்தேன்.

21 ஜூலை 2024

பச்சை அடித்த இறக்கை காலையில் பார்த்தால் சாம்பல் பூத்த மாதிரி. லாக்கர் பெயிண்டை ஈரக்காற்றில் அடித்தால் இப்படித்தான், பெயிண்ட் காயும்போது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் புகை படியும். தெரிந்தும் அடித்தேன், ஏனென்றால் அப்போதுதான் கரண்ட் இருந்தது. கரண்ட் இருக்கும்போது மழை, மழை விட்டால் கரண்ட் இல்லை. கம்ப்ரசர் ஓட வேண்டுமே.

சென்னை நண்பர் மெதுவாகக் காயும் தின்னர் கலக்கச் சொன்னார். கலந்து இன்னொரு மெல்லிய பூச்சு கொடுத்ததில் பாதி புகை போயிற்று. மீதிப் பாதியை 1945 மழைக்காலம் என்று சொல்லிக்கொள்வேன்.

11 ஆகஸ்ட் 2024

தட்டோன் தம்பி புது வதந்தியோடு திரும்பி வந்திருக்கிறார். இந்த முறை பியூஃபைட்டர். ரெவெலின் 1970-கள் அச்சுக்குப் பிறகு 1/32-இல் நல்லதாக ஒன்று வேண்டும்தான், இங்கே அராகன் கரையெல்லாம் பறந்த விமானம் அது. யார் சொன்னது என்று கேட்டேன். சிங்கப்பூரில் ஒருவர் என்றார். இறக்கை 55 சென்டிமீட்டர், ஃபிரிட்ஜ் தலை தாங்காது தம்பி. இருந்தாலும் யார் அந்தச் சிங்கப்பூர் ஆள், எந்தக் கடை என்று கேட்டு எழுதுங்கள்.

தண்டர்போல்டுக்கு வால் பட்டை மட்டும் பாக்கி. டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். பச்சை விமானம், அதனால் வெள்ளைப் பட்டை. மாந்தலே அண்ணன் சொல்கிற அம்புக்குறி இல்லை, நேர்க்கோடு. மழை விட்டிருக்கிறது, கரண்ட் ஒன்பது மணிக்குப் போய்விடும். இப்போது எட்டேகால்.